எண்ணூர்ப் பூநாரையும் என் வஞ்சமும்

போன மாதம் ஒரு பறவை பார்க்கும் குழுவில் சேரப் போனேன். என் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் குழுத் தலைவர், "சேத்துல இது வராதுங்க. உங்களுக்கு போட்டோ அனுப்பிடறோம்" என்றார். இன்றுவரை ஒரு போட்டோ வரவில்லை.

இன்று காலை என் மூன்று சக்கர ஸ்கூட்டரில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். பின்சீட்டில் தோஸ்து யூசுப். பாலத்து ஓரமாக வண்டியை நிறுத்தினால், எதிரிலேயே பூநாரைக் கூட்டம்.

"இன்னா மாமு, கல்யாண வூடு மாதிரி நின்னுகினு கீது!" என்றான் யூசுப்.

ஸ்டேட்டஸ் வைத்தேன். உடனே தலைவரிடமிருந்து போன். வெளியூர் விருந்தாளிகளோடு எங்கோ சேற்றில் நிற்கிறாராம். ஒரு பறவையும் கண்ணில் படவில்லையாம்.

"லொகேஷன் அனுப்புங்க, ப்ளீஸ்."

"அடுத்த ஞாயித்துக்கெழம சக்கர நாக்காலி வர்ற எடத்துக்குத்தான் போறோம்னு குரூப்ல போடு சார். அப்பால அனுப்பறேன்."

போட்டார். அனுப்பினேன்.

அதற்குள் பூநாரைகள் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டன. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

"பாவம் மாமு அந்தாளு" என்றான் யூசுப். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தில் வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். நடந்து வருகிறவர்களைப் பற்றி, இடம் இருந்தால் யோசிக்கலாம்.