தானாகத் திரும்பிப் படுத்தவர்கள்

ஆஸ்பத்திரி வாட்டு நேர்ஸ் எனக்குப் போன் எடுத்தபோது நான் உப்புவெளியில் வேலை செய்யும் விடுதியில் கட்டில் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, சோதினை வருது. போன முறை மாதிரி ரெண்டு பேரும் காலமையே வந்திடுங்கோ. அக்காவுக்கும் சொல்லிவிடுங்கோ."

"ஓம் மிஸ்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா செத்துப்போனது அவருக்குத் தெரியாது. திரும்ப எடுத்துச் சொல்லுவோம் என்று எடுத்தேன். மணி போனது. வெட்டிவிட்டேன். பிறகு கொடியில் கிடந்த விரிப்பு எல்லாவற்றையும் இழுத்துத் திரும்பவும் தோய்த்தேன். அதில் அழுக்கே இல்லை. சும்மா நிற்க ஏலவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, அது போய் இருதயத்தில் இருந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஒரு கதவு சரியாகத் திறக்காது. மாதா மாதம் ஊசி. நான் எட்டாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான். ஆனால் எங்கள் நெஞ்சுச் சத்தம் படிப்பிக்க நல்ல சத்தமாம். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோதினை வைக்கும்போது ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, குழாய் வைத்துப் பார்த்து, மணி அடிக்க முன்னம் என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் வருத்தத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. மத்தியானம் சோற்றுப் பார்சல் தருவார்கள்.

எங்கள் சத்தத்தில் ஒரு கள்ளம் உண்டு. நிமிர்ந்து படுத்தால் அது ஒளிந்துகொள்ளும். இடப்பக்கம் திரும்பிப் படுத்து மூச்சை வெளியே விட்டால்தான் கேட்கும். 'திரும்பிப் படுங்கோ' என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சோதினையில் புள்ளி கிடைக்கும். அக்கா இதைப் பிடித்துவிட்டாள். யாராவது கை நடுங்கிக்கொண்டு வந்தால், சொல்லுவதற்கு முன்பே மெல்லத் திரும்பிப் படுத்துவிடுவாள்.

"வாய் திறக்கக் கூடாதெண்டுதானே சொன்னவை. திரும்பக் கூடாதெண்டு சொல்லேல்லையே" என்பாள். "நீயும் திரும்படி. பாவங்கள், நித்திரை முழிச்சுப் படிச்சுப்போட்டு வருகுதுகள்."

"பிடிபட்டா?"

"இடுப்பு நோகுது எண்டு சொல்லு." அதன்பிறகு நானும் திரும்பினேன்.

பொடியன்மார் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்ல வெட்கப்பட்டு, துணிக்கு மேலேயே குழாயை வைப்பார்கள். சத்தம் சரியாகக் கேட்காது என்றாலும் எங்களுக்கு அது பிடிக்கும். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை என்று பஸ்ஸில் வரும்போது கதைத்துக்கொண்டு வருவோம்.

அக்காவைக் கட்டைபறிச்சானில் கட்டிக் கொடுத்தார்கள். வருத்தத்தை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்றார் அம்மா. என்ன ஊசி என்று மாமியார் கேட்பார் என்று அக்கா ஊசியையும் விட்டுவிட்டாள். பிள்ளை தங்கிய பிறகு கிளினிக்கில் முந்திய வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டபோதும், மாமியார் பக்கத்தில் இருந்தபடியால் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஏழாம் மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. மாமியார் தனியார் டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். இளம் டொக்டர். அன்று பின்னேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"நல்ல மரியாதையான பொடியனடி. உடுப்பை விலத்தச் சொல்லேல்லை."

"வருத்தத்தைச் சொன்னனியே?"

"மாமி பக்கத்தில இருக்க என்னெண்டு சொல்லுறது? அவர் தானாக் கண்டுபிடிப்பார் எண்டு பாத்துக்கொண்டு படுத்திருந்தனான்."

"கண்டுபிடிச்சவரோ?"

"பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்கிறது சாதாரணமாம். குளிசை தந்தவர்." சிரித்தாள். "சோதினையில பெயில்."

நானும் சிரித்தேன். அடுத்த கிழமை மூதூரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்சில் கொண்டுவரும் வழியில் அவளும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அந்த டொக்டர் யார், எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் படித்த இடத்திலும் எங்களைப் போல ஒருத்தி தானாகத் திரும்பிப் படுத்திருப்பாளோ? துணிக்கு மேலே வைத்ததற்கு நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பாளோ? சோறு தின்னும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இதுதான். ஒரு இடத்தில் இருக்க விடாது.

சோதினை நாள் அம்மா போக வேண்டாம் என்றார். போனேன். வாட்டு வாசலில் நேர்ஸ் என் பின்னால் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இண்டைக்கு நீங்க படுக்க வேண்டாம் பிள்ளை. வீட்ட போங்கோ."

"இல்லை மிஸ், படுக்கிறன்."

அந்த முறை சோதினை வைக்கும் பெரிய டொக்டரம்மா புதிதாக ஒரு ரப்பர் பொம்மை கொண்டுவந்திருந்தார். நெஞ்சு மட்டும்தான். பொத்தானை அமர்த்தினால் எங்கள் சத்தம் அப்படியே வரும். முந்திய கிழமைகளில் பிள்ளைகள் அதில் நன்றாகப் பழகியிருந்தார்கள். நானும் ஒருதரம் குழாய் வாங்கிக் கேட்டேன். என் சத்தத்தைவிடத் தெளிவாக இருந்தது. பொம்மைக்கு வெட்கப்படுகிறதுக்கு உடுப்பும் இல்லை, பக்கத்தில் மாமியாரும் இல்லை.

மூன்றாம் கட்டிலில் நிமிர்ந்து படுத்தேன். யாரும் சொல்லாமல் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவன் மெலிந்த பொடியன். நெற்றியெல்லாம் வியர்வை. "வணக்கம் தங்கச்சி, பாக்கட்டா?" என்று கேட்டுக் குழாயைத் துப்பட்டாவுக்கு மேலே வைத்தான். நான் அசையவில்லை. அவன் என்னைப் பார்த்தான். திரும்பக் குழாயைப் பார்த்தான். எனக்கு இடப்பக்க உடம்பு முழுக்கத் திரும்பு, திரும்பு என்றது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். அவன் இன்னொரு தரம் என் முகத்தைப் பார்த்தான், ஏதோ கேட்கிறது போல. மணி அடித்தது. டொக்டரம்மாவிடம் சத்தம் ஒன்றும் இல்லை என்று சொன்னான்.

மற்றப் பிள்ளைகளில் இரண்டு பேர் சரியாகச் செய்தார்கள். எனக்கு அந்தப் பொடியன்தான் கண்ணுக்குள் நின்றான்.

சோதினை முடிந்து நான் விறாந்தையில் செருப்புத் தேடும்போது அவன் வந்தான்.

"கோவிக்காதேங்கோ. மூண்டாம் கட்டில் லேசு, அவ தானாத் திரும்புவா எண்டு சீனியர்மார் சொன்னவை. இண்டைக்கு ஏன் திரும்பேல்லை?"

அப்படியானால் இது பிள்ளைகளுக்குள் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரை, துணியை, குளிசையை. அவனை ஏச நினைத்துத்தான் தொடங்கினேன். நடுவில் யாரை ஏசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. டொக்டரம்மா எப்போது கதவடிக்கு வந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"மாமியாரை வெளியில அனுப்பிப்போட்டுக் கேட்டிருந்தா, அக்கா சொல்லியிருப்பாவா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம். தனிய இருக்கேக்க அவளுக்குப் பொய் வராது."

அவர் பொம்மை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "பெயிலான பிள்ளையளுக்குத் திரும்பச் சோதினை இருக்கு. பொம்மையில இதைப் பழக்க ஏலாது. நீங்க வருவீங்களா? உங்கட அக்காவா நடிக்க."

வீட்டுக்குப் போனதும் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். விடிந்ததும் போக வேண்டும் என்று இருந்தது. அந்தத் திரும்பச் சோதினை நாள்வரை மனம் அப்படியே மாறி மாறி.

அன்று என் வயிற்றில் தலையணை கட்டினார்கள். மாமியாராக நேர்ஸ் வந்து கட்டிலோடு கதிரையைப் போட்டு அதில் இருந்தார். கொண்டையைக் குலைத்து வேறு மாதிரி முடிந்திருந்தார். அந்தப் பொடியன் உள்ளே வந்து, முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா என்று என்னைக் கேட்டான். நான் வாயெடுக்க முதல் நேர்ஸ் சொன்னார்:

"அவளுக்கு என்ன வருத்தம்? பஞ்சிதான் வருத்தம். கேட்டுப்பாருங்கோ, ஒரு வாளி தண்ணி தூக்க மாட்டாள்."

மற்றக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். பொடியன் சிரிக்கவில்லை.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ."

"ஏன், நான் கேக்கக் கூடாத கதையோ? என்ர மருமகள்."

"உங்கட மருமகள்தான். எல்லாரையும் இப்பிடித்தான் தனியப் பாக்கிறது."

"அவள் தனிய இருக்கப் பயப்பிடுவாள்."

"நான் கூப்பிடுறன் அம்மா. எழும்புங்கோ."

நேர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே எழும்பிப் போனார். அவன் திரையை இழுத்துவிட்டான். குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டான். தனியாகக் கேட்டால் வருத்தத்தைச் சொல்லலாம் என்று இந்த முறை எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாய் வரவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. கதிரையை இழுத்து இருந்தான்.

"இருதயத்தில வருத்தம்" என்றேன். "ஊசி போட்டனான். விட்டுட்டன். அங்க ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. காய்ச்சல் வந்தது, அம்மா மறைக்கச் சொன்னது, படியேற ஏலாமல் இருக்கிறது. இதில் எது என் கதை, எது அக்காவின் கதை என்று பிரிக்க முடியவில்லை. மணி அடித்தது.

திரைக்கு வெளியே நேர்ஸ் கேட்டார். "முடிஞ்சுதோ? எனக்கு வாட்டில வேலை கிடக்கு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் இல்லை அம்மா" என்றான். "அங்கயே இருங்கோ."