அக்கா மாற்றிய இரண்டு வரிகள்

என் அக்காவின் நினைவாக வெளிவரும் இந்த மலரின் பின் அட்டையில் நாட்டை வாழ்த்தும் ஒரு பாட்டு அச்சாகியிருக்கிறது. எழுதியவர் அக்கா. நினைவு மலரில் தேவாரம் அல்லவா போடுவார்கள் என்று உறவினர் சிலர் கேட்டார்கள். தேவாரம் உள்ளே இருக்கிறது. பாட்டு ஏன் வெளியே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்கா கடுகண்ணாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அப்போது, தோட்டத் தமிழர் பலரையும் போல, எங்கள் பெற்றோருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடையாது. பல வருடம் கழித்து அந்தக் கடதாசி வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற அக்காவும் கும்பிட்டார். நாட்டையும் சாமியையும் அவர் பிரித்துப் பார்க்காதது அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அக்காதான். கண்டியில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பிலிமத்தலாவையில் வாடகை வீடு பிடித்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகும் எங்களைப் பிரிய மனமில்லை. மச்சானையும் அந்த வீட்டுக்கே வரவைத்துவிட்டார். அக்கா கோபக்காரர். ஒரு கோப்பு வேறு அலுமாரிக்குப் போய்விட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆனால் தோட்டத்திலிருந்து படிவம் நிரப்ப வருகிறவர்களை முதலில் கதிரையில் உட்காரவைத்துவிட்டுத்தான் விஷயத்தைக் கேட்பார்.

பெப்ரவரியில் சுதந்திர தினத்துக்குக் காரியாலய முற்றத்தில் கொடி ஏற்றுவார்கள். முன்பு அங்கே இருந்த அதிகாரி ஒருவர் சிங்களத்தில் எழுதிய பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவது வழக்கம். அதில் ஒரு வரி இந்த நாடு ஒரே சமயத்தின் சொத்து என்பதுபோல வாழ்த்தும். “அந்த எடம் வந்தா நான் தொண்டையச் செருமிக்கிட்டு நின்னுருவேன்” என்று அக்கா வீட்டில் வந்து பொரிந்து தள்ளுவார். கடைசியில் தமிழிலும் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கி, தானே எழுதி மெட்டும் போட்டார். நாட்டைத் தாயாகப் பாவித்து, “திருவடி தொழுதோம் தாயே, தீபங்கள் ஏந்தி நின்றோம்” என்று நடுவில் இரண்டு வரி. எனக்கு மிகவும் பிடித்த வரிகள்.

அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிய எட்டாவது வருடம் நான் போயிருந்தபோது அதைத் தொலைபேசியில் படம் பிடித்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தோம். அக்காவின் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நஸீராவுக்கு நல்ல குரல். பாட்டைத் தூக்கி நிறுத்துவதே அவர்தான். அந்த இரண்டு வரி வந்ததும் நஸீராவின் வாய் மூடிக்கொண்டது. அடுத்த வரியில் திறந்தது. முன்வரிசையில் நின்று பாடும் அக்கா இதை ஒருநாளும் கண்டதில்லை.

“என் பாட்டுல என்னடா குத்தம்?” என்று என் மேல் பாய்ந்தார். மறுநாள் நஸீராவிடமே கேட்டுவிட்டார்.

“குறை ஒன்டும் இல்ல அக்கா. நாட்டுக்காக அல்லாஹ்கிட்ட எவ்வளவும் துஆ கேப்பேன். வணங்குறது அல்லாஹ்வ மட்டும்தான். அந்த ரெண்டு வரி எனக்கு ஏலாது.”

“எட்டு வருஷமா ஏம்மா சொல்லல?”

“நீங்க ஆசையா எழுதின பாட்டு. வாய மூடிக்கிட்டு நின்டா முடிஞ்சிதானே.”

இதை வீட்டில் வந்து சொன்னபோது அக்காவின் கோபம் போயிருந்தது. “நான் தொண்டையச் செருமினேன், அவ வாய மூடினா. அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்” என்றார்.

நான் விடவில்லை. எல்லோருக்கும் பொருந்தும்படி எழுதினால் பாட்டு வராது, சுற்றறிக்கைதான் வரும் என்றேன். தொழுவது கவிதையில் பழகிய பேச்சுத்தானே என்றேன். “நமக்குப் பழகின பேச்சு. அவளுக்கு அது கடவுளுக்கு மட்டும் வச்சிருக்கிற சொல்லு” என்றார். கிழமைக்கணக்கில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டார். கடைசியில் வந்தது இது: “ஒருமழை நனைந்தோம் தாயே, ஒன்றாக ஏறி வந்தோம்.” மழையில் நனைந்தால் தடிமன்தான் வரும் என்று கிண்டல் செய்தேன். பழைய வரிதான் அழகு என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பேராதனை ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருந்தபோதும் அக்காவுக்கு அதே நினைப்புத்தான். “கொடியேத்துறன்னைக்கு நான் இல்லாட்டி நீ போ. அந்த எடத்துல நஸீரா வாயப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். தை பிறக்கும்வரைகூட இருக்கவில்லை.

இரவு பகல் பாராமல் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வீட்டுக்கே சோறு கொண்டுவந்து எங்களைச் சாப்பிடவைத்த அயலவர்களுக்கும், தோட்டத்திலிருந்து மழையோடு வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் மச்சான் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. அக்கா இல்லாத அந்தச் சுதந்திர தினத்தில் புதிய தாளை எல்லோருக்கும் கொடுத்து, முன்வரிசையில் நின்று பாட்டைத் தொடங்கிய நஸீராவுக்குத் தனி நன்றி.

நீங்கள் சொன்னபடியே போனேன் அக்கா. அந்த இடத்தில் நஸீரா வாய் நிறையப் பாடினார். முற்றமே பாடியது. பாட முடியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.