கேள்வி கேட்டு நின்ற இடங்கள்

பாண்டிச்சேரியை நான் முதன்முதலில் பார்த்தது எழுபதுகளின் கடைசியில், கால்நடையாக. யாராவது அந்த ஊரைப் பற்றிப் பேசினால் கடலுக்கு முன்னால் என் இடது கணுக்கால்தான் எனக்கு நினைவுக்கு வரும். பத்து வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து முறிந்த கால் அது. வைத்தியர் கட்டுப் போட்டதில் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்டது. சாதாரணமாகத் தெரியாது. இரண்டு மைலுக்கு மேல் நடந்தால் வீங்கி, லேசாக இழுக்கும்.

அதற்கு முன்பு இரண்டு வரன்கள் வந்து காபி குடித்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதவில்லை. கால் விஷயம் காதுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் என்னோடு படித்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவதாக வந்ததுதான் பாண்டிச்சேரி வரன். பையனுக்கு அம்மா இல்லை, வளர்த்தது அத்தை. போட்டோ பார்த்தேன். பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே பிடித்திருந்தது.

வழக்கமாகப் பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வருவார்கள். இவர்களோ எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

"சும்மா ஊர் சுத்திப் பாத்த மாதிரி இருக்கட்டும்மா. புடிச்சா மேல பேசிக்கலாம்" என்றார் அண்ணன். அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அவர்தான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதுமே எனக்கு எங்கேயோ இடித்தது.

செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேரும்போது மணி பத்து. அத்தை பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். ஒல்லியான, விறுவிறுப்பான பெண்மணி, கையில் குடை. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்து நின்றார். அத்தை வேண்டாமென்று கையாட்டினார்.

"நடந்தாத்தாம்மா ஊர் தெரியும். பையன் ஆபீஸ் விட்டு அஞ்சு மணிக்கு பீச்சுக்கு வந்துடுவான். அதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துடலாம்."

மண்டை பிளக்கும் வெயிலில் விருந்தாளியை யாராவது நடக்க வைப்பார்களா? அண்ணனைப் பார்த்தேன். அவர் பஸ் ஸ்டாண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ரயிலடிப் பக்கம் சிவப்புச் சர்ச்சுக்குப் போனோம். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் முன்னால் அல்லவா நடக்க வேண்டும்? அத்தை எனக்கு இரண்டடி பின்னால் வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். "சோத்துக்கை பக்கம் திரும்பும்மா" என்று வழியைக்கூடப் பின்னாலிருந்தே சொன்னார். புடவைக் கரையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து திரும்பிப் பார்த்தேன். அவர் பார்வை என் பாதத்தில் இருந்தது. யாரோ வத்தி வைத்துவிட்டார்கள் என்று புரிந்துபோயிற்று.

யாராக இருக்கும்? வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பக்கத்து நிலத்துக்காரியா? ஜாதகம் கொண்டுவந்த தரகரா? நடந்தபடியே ஊரில் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து மனதுக்குள் விசாரித்தேன்.

கால் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. வலி ஏறும்போதெல்லாம் நிற்க வேண்டும். நிற்பதற்குக் காரணம் வேண்டுமே, அதனால் கேள்வி கேட்டேன். சர்ச்சின் வண்ணக் கண்ணாடியில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டேன். மணக்குள விநாயகர் கோயிலில் மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். ஒன்றோடு நின்று, பிள்ளையாருக்கு ஏன் இந்தப் பெயர் என்றேன். இங்கே மணல் நிறைந்த குளம் இருந்ததாம். தெருமுனைப் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பற்றிக் கேட்டேன். பூங்காவில் இருக்கும் வெள்ளை மண்டபத்தின் கதையை இரண்டு முறை சொல்ல வைத்தேன். யாரோ ஒரு தாசி தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாளாம். அந்தக் குளத்தில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"பொண்ணுக்கு எல்லாத்துலயும் ஆர்வம் ஜாஸ்தி" என்று அத்தை அண்ணனிடம் சொன்னார். பாராட்டுகிறாரா, பொடி வைத்துப் பேசுகிறாரா என்று தெரியவில்லை.

ஐந்து மணிக்குக் கடற்கரையில் அவர் நின்றிருந்தார். போட்டோவைவிடக் கறுப்பு, போட்டோவில் இல்லாத சிரிப்பு. சுண்டல் வாங்கிக் கொடுத்தார். இவருக்குக் கால் விஷயம் தெரியுமா, தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்கிறாரா என்று அவரையும் விட்டுவைக்காமல் சந்தேகப்பட்டேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். இந்த மனிதர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்று அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

அத்தை விடவில்லை. "பீச் ரோடு கோடி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் முடியாமல் நின்று, அந்தக் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டேன். கப்பல் எதுவும் இல்லையே என்றார் மாப்பிள்ளை.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் டிக்கெட் விசாரிக்கப் போனபோது அத்தை பூ வாங்கி என் தலையில் வைத்தார். வைத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. உங்க அண்ணன்தான் எழுதியிருந்தாரு. பொண்ணுக்குக் கால்ல கொறை இருக்கு, நாள் பூரா நடக்க விட்டுப் பாத்துட்டு அப்புறமா முடிவு சொல்லுங்கன்னு. எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு. நான் பாத்த வரைக்கும் ஒரு கொறையும் தெரியல. எங்களுக்குச் சம்மதம்தான்."

காலையிலிருந்து ஊரில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டிருக்கிறேன். பக்கத்திலேயே நடந்து வந்தவரை மட்டும் விட்டுவிட்டேன்.

அண்ணன் வருஷாவருஷம் கார்த்திகைத் தீபத்து மாட்டுச் சந்தையில் மாடு விற்பவர். வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே மாட்டை அவிழ்த்து நாலு தடவை நடக்க விட்டுக் காட்டுவார். நடையில் பழுது இருந்தால் தானே சொல்லிவிடுவார். அதனால் சந்தையில் அவருக்கு நல்ல பெயர். அதே நியாயத்தை எனக்கும் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"நீதான் எழுதினியாண்ணா?"

"மறைச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்கு உன்னத்தானே பேசுவாங்க."

"சரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ உஷாரா நடந்திருப்பியேம்மா" என்றார் அண்ணன்.

வீங்கிய காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். நாள் முழுவதும் உஷாராகத்தான் நடந்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், மறுநாள் காலையிலேயே இன்னொரு கடிதம் எழுதி, திரும்பவும் ஒருமுறை என்னை நடக்க விட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார். பேசாமல் இருந்துவிட்டேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது.