நிதானத்தில் இல்லாத கண்டக்டர்

எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருகிற நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நானோ ஆலங்காயத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டர். தோல்பையை மாட்டிக்கொண்டு நடந்தால், பைதான் என்னைச் சுமந்து போகிறது என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "உனக்கு மாத்திரை கேக்காதுப்பா, தினம் ஊசிதான். போட்டுக்கிட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டுடணும். சாப்பிடலன்னா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும், ஆளையே சாய்ச்சிடும். வேலைய விட வேணாம். சாப்பாட்டு வேளைய விட்டுடாத." நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் வண்டி சாயங்காலம் ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும். காவலூரைத் தாண்டி, மேலே ஒரு சிற்றூரில் ராத்திரி தங்கும். விடியற்காலையில் முதல் டிரிப்பாகத் திரும்பக் கீழே இறங்கும். தங்குகிற ஊரில் கடை கிடையாது. ஒரு மலைக்காரர் வீட்டை ஒட்டிய அறையைக் கம்பெனி வாடகைக்குப் பிடித்திருந்தது. அங்கேதான் நானும் டிரைவரும் படுப்போம். வீட்டுக்காரம்மா காலையில் அடுப்பு மூட்டியதும் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் அதில் கொதிக்கவைப்பேன். மருந்து பாட்டில் சூடு படாமலிருக்க ஈரமணல் போட்ட பானையில் இருக்கும். அந்தப் பானையைப் பார்த்து, நான் ஏதோ விதை நட்டு வைத்திருக்கிறேன் என்று அந்தம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

டிரைவர் போளூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். 'அவர்' என்று எழுதுகிறேன், பழக்கதோஷம். வியாதியைப் பற்றி என் மனைவிக்கு அடுத்தபடியாக அவரிடம்தான் சொன்னேன். தொடையில் நான் குத்திக்கொள்வதைப் பார்த்து முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பிறகு ஸ்பிரிட் பஞ்சை அவரே எடுத்துக் கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டார். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று யோசனை கேட்டேன்.

"வாயத் தொறக்காத. வியாதிக்காரன்னு தெரிஞ்சா அன்னிக்கே பைய வாங்கிக்குவாரு. நான் இருக்கேன் இல்ல, பாத்துக்கறேன்," என்றார்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார், அதை மறைக்க மாட்டேன். இறங்கும்போது அரை மணியில் காவலூர் வரும். பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்களே, அந்த ஊர். அங்கே டீக்கடையில் இட்லி கிடைக்கும். கம்பெனி கணக்கில் காவலூரில் ஆளை ஏற்றி இறக்க மட்டும்தான் நேரம். டிரைவர் என்ன செய்வார் என்றால், கீழே குதித்து, பானெட்டைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீரை வாங்கி ரேடியேட்டரில் நிதானமாக ஊற்றுவார். அவர் ஊற்றி முடிப்பதற்குள் நான் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிடுவேன். அதற்கு முன்னால் போடாமல் காவலூரிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாமே என்றால், போட்டு அரை மணி காத்திருந்து சாப்பிட வண்டி நிற்குமா?

அந்தத் தொலைநோக்கி நிலையத்தில் வேலை செய்கிற ஒருவர் அடிக்கடி எங்கள் வண்டியில் வருவார். அவர் ஒருநாள் கேட்டார்: "ஏம்பா, மலை ஏறும்போது தண்ணி கேக்கல, எறங்கும்போது வண்டி சூடாவுதா?"

"அது அப்படித்தான் சார், கொஞ்சம் வயசான வண்டி," என்றார் டிரைவர், முகத்தை மாற்றாமல். வாயில் இட்லியோடு சிரித்து எனக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பெல்லாம் உண்மைதான் என்று நம்பினேன்.

திடீரென்று தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று ஒரு தகர டப்பாவில் வெல்லக்கட்டியும் குளுக்கோஸ் பிஸ்கட்டும் போட்டு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்திருந்தோம். என் பையில் வைத்தால் சில்லறையோடு நசுங்கிவிடும், எறும்பு வேறு. "எங்கிட்டயே இருக்கட்டும், ஒரு விசில் குடு, நிறுத்திட்டு நானே எடுத்தாந்து குடுக்கறேன்," என்று சொன்னவர் அவர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சாராயக் கடைகளைத் திரும்பத் திறந்திருந்தார்கள். விடிந்ததும் குடித்துவிட்டு ஏறுகிறவர்களை இறக்கிவிடுவதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. எனக்கு அந்த வாடையே ஆகாது.

அந்த வருஷம் எங்கள் பாதையில் இன்னொரு கம்பெனிக்காரன் வண்டி விட்டான். மலையிலிருந்து வாணியம்பாடிக்குப் போகிற கூட்டத்தை ஆலங்காயத்தில் யார் முதலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று போட்டி. சீத்தாப்பழ சீசன். மலைக்காரப் பெண்கள் கூடை கூடையாகப் பழத்தோடு ஏறுவார்கள்.

அன்றைக்கும் வழக்கம்போல வெந்நீர் வாங்கினேன், ஊசி போட்டுக்கொண்டேன். டிரைவர் பாயைச் சுருட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை எடுத்துக் கொடுத்தார். வண்டி கிளம்பியது. நடைபாதை முழுக்கக் கூடை, கூடைக்கு நடுவே கால். நான் பின்படிக்கட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டேன். காவலூரில் நின்றது, நாலு பேர் தொற்றிக்கொண்டார்கள். நான் இறங்க ஒரு காலை வைத்தேன். நான் இரண்டு விசில் கொடுக்காமலே வண்டி நகர்ந்துவிட்டது. விளையாடுகிறார் என்று முதலில் நினைத்தேன். ஒரு விசில் கொடுத்தேன். நிற்கவில்லை. திரும்பவும் கொடுத்தேன்.

"ஆலங்காயத்துல நாஷ்டா பண்ணிக்கலாம்," என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

அதற்குப் பின் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். உதடு மரத்துப்போனது. சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. முன்னால் போக முயன்று யார் மடியிலோ விழுந்தேன். டிக்கெட் கேட்டவருக்கு டிக்கெட் கட்டையே கையில் கொடுத்துவிட்டேனாம். விசிலை விடாமல் ஊதினேனாம். பிறகு, ஒரு அம்மாவின் கூடையிலிருந்து சீத்தாப்பழத்தைப் பிடுங்கித் தோலோடு கடித்தேன். இது எனக்கே தெரியும், அந்த இனிப்பு நாக்கில் பட்டது இன்னும் ஞாபகமிருக்கிறது. ஒன்று போதவில்லை. இரண்டாவதற்குக் கை நீட்டியபோது அந்தம்மா என் கையில் அடித்தார்.

"காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு," என்று யாரோ சொன்னார்கள்.

முன்சீட்டில் இருந்த ஒரு பழ வியாபாரி எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அவர் எங்கள் முதலாளிக்கு வேண்டியவர். சட்டையைப் பிடித்தபடியே ஆலங்காயம்வரை கொண்டுவந்தார். அந்த நேரம் முழுக்க டிரைவரின் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பார்த்தார். பெட்டியைத் திறக்கவில்லை.

ஷெட்டில் டீசல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். பழம் வயிற்றில் வேலை செய்து, எனக்குத் தெளிந்திருந்தது. வியாபாரி தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவரைக் கேட்டார்.

"நீ சொல்லுப்பா. இன்னா நடந்தது?"

டிரைவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நெதானத்துல இல்லீங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. போலீஸ்காரர் முதல் பெண்டாட்டி வரைக்கும், ஒருவன் 'நிதானத்தில் இல்லை' என்றால் குடித்திருக்கிறான் என்றுதான் பொருள். அகராதிப்படி பார்த்தால் அவர் சொன்னது பொய்யே இல்லை. எனக்கு அன்று நிதானம் இருக்கவில்லைதான். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவன் கழுத்தை அறுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சும்மா இரு என்கிற மாதிரி. நான் சும்மா இருக்கவில்லை. "நான் குடிக்கல மொதலாளி. எனக்குச் சக்கர வியாதி. ஊசி போட்டுக்கறேன். காவலூர்ல சாப்புடறதுக்கு வண்டி நிக்கல. அதான் இப்படி ஆயிடுச்சி. அண்ணனுக்கு எல்லாம் தெரியும், கேளுங்க," என்றேன்.

முதலாளி டிரைவரைக் கேட்கவில்லை. என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "காவலூர்ல இனிமே தண்ணி ஊத்தற வேலையெல்லாம் வேணாம், ஆள ஏத்திக்கினு ஒடனே வந்துடுன்னு நேத்து சாயங்காலமே இவன்கிட்ட சொல்லி அனுப்பனேனே. ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

நேற்றுச் சாயங்காலமே. அப்படியென்றால் ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தபோது தெரியும். விடியற்காலை வெந்நீர் கொதித்தபோது தெரியும். பஞ்சை எடுத்து என் கையில் கொடுத்தபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு உருண்டைக் களி வாங்கித் தின்றிருப்பேன். தராமலா போய்விடுவார்? நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வியாதிய மறைச்சிட்டு எங்கிட்ட இத்தினி நாளா வேல பாத்திருக்க," என்றார் முதலாளி. "குடிச்சிருந்தன்னா ஒரு வாரம் ஒக்கார வெச்சிட்டுச் சேத்துக்குவேன். போன வருசம் ஒருத்தன அப்படித்தான் சேத்துக்கினேன். வியாதிக்காரன வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? மலையில எங்கியாவது உழுந்து செத்தன்னா யார் பதில் சொல்றது?"

"எனக்கு வேண்டியது காவலூர்ல பத்து நிமிசம்தான் மொதலாளி. அதுக்குப் பதிலா வேற எங்கியாவது நேரத்தப் புடிச்சிக்கலாம்."

"ஒனக்காக வண்டி நிக்கணுமா?" என்றார். பையையும் விசிலையும் ஒரு பீப்பாய்மேல் வைக்கச் சொன்னார்.

வெளியே வந்தபின் டிரைவர் பின்னாலேயே ஓடிவந்தார். "ஒன்ன காப்பாத்தத்தான்டா அப்படிச் சொன்னேன். கண்ணக் காட்டனேன் இல்ல? ஒரு வாரம் வூட்ல குந்தியிருந்தா போயிருக்கும். நீயா வாயத் தொறந்து கெடுத்துக்கின."

"நேத்தே ஏண்ணா சொல்லல?"

"சொன்னா நீ காலைலயே மொரண்டு புடிப்ப. வண்டி எடுக்க மாட்ட. ஒன் கோபம் எனக்குத் தெரியாதா? கீழ வந்து பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், முதலாளியைப் பகைத்துக்கொள்ள முடியாது, எல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் ஆத்திரம் ஆறிவிடும் என்று எவன் சொன்னான்? அவர் நிற்காமல் வந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். பஞ்சை எடுத்துக் கொடுத்தாரே, அதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

வேலை போனதற்குக் காரணம் வியாதி. ஊருக்குப் போய்ச் சேர்ந்த காரணம் குடி. அந்த வாரமே என் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். கொடுத்த மோரைக் குடிக்காமல், "இன்னா மாமா, பொம்பள கூடையில கை வெக்கற அளவுக்கா?" என்றான். என் மனைவி அவனுக்குச் சிரிஞ்சைக் காட்டினாள். இது என்ன, இதில் ஏற்றிக்கொள்கிறாரா என்று கேட்டான். அதன் பிறகு நான் யாருக்கும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். வாணியம்பாடியில் இரண்டு பஸ் கம்பெனிகளில் வேலை கேட்டேன். இரண்டு இடத்திலும் நான் வருவதற்கு முன்பே என் கதை வந்திருந்தது.

கடைசியில் ஆலங்காயத்தில் ஒரு புளி மண்டியில் சேர்ந்தேன். வேலை கேட்கும்போதே, எனக்கு இன்ன வியாதி, இன்ன நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். மண்டிக்காரர் புளியிலிருந்து ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே, "துன்ன வேணாம்னு எவன்யா சொன்னான்?" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்த விஷயம் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த புளி சீசனில் சரக்குப் பார்க்க மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டிவந்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல் அதே வண்டியில் ஏறினேன். கட்டுச்சோறு மடியில் இருந்தது. காவலூரில் இறங்கித் தின்ன நேரம் இருக்காது, வண்டியிலேயே தின்றுகொள்ளலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தால், ராத்திரி வைத்தது, ஊசிப்போய் நூலாக வந்தது. எடுத்து வெளியே போட்டேன்.

காவலூரில் வண்டி நின்றது. இன்ஜினையே அணைத்துவிட்டார்கள். புதுக் கண்டக்டர் முதலாளிக்குச் சொந்தக்காரப் பையனாம். "பத்து நிமிசம் நிக்கும், நாஷ்டா பண்றவங்க பண்ணிக்கலாம்," என்று சத்தம் போட்டுவிட்டு இறங்கினான். பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன். இப்போது தினமும் இப்படித்தான், முதலாளியே நேரம் போட்டுக் கொடுத்துவிட்டார் என்றார்.

டீக்கடையில் ஒரே பெஞ்சு. டிரைவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, எதுவுமே நடக்காத மாதிரி. நகர்ந்து இடம் விட்டார். பத்துப் பேர் காதில் விழ, "வா, வா. ஊசி போட்டுக்கினியா?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஷெட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், குடிகாரன் என்ற பேராவது வந்திருக்காது.

கடைக்காரர் தட்டை நீட்டினார். அந்தத் தட்டை டிரைவர் முகத்துக்கு முன்னால் கவிழ்த்துவிட்டு நடந்து போக எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஊசி போட்டு அரை மணி ஆகியிருந்தது. விரல் நுனி நடுங்க ஆரம்பித்திருந்தது. அவர் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்து, நாலு இட்லியையும் சாப்பிட்டேன்.