தறி நின்ற பிறகும்

பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்களுடைய விசைத்தறிகள் ஓடும். தறி ஓடினால் தரை அதிரும், கட்டில் அதிரும், செம்பில் இருக்கும் தண்ணீர்கூட நடுங்கும்.

நான் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மாமியாரிடம் சொன்னேன்.

“அது தறி அதுர்றது சாமி. மாசமா இருக்கறப்ப ஒடம்புக்கு நல்லாத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

நம்பினேன். மூச்சு வாங்கியபோதும் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் மின்தடை. எல்லாத் தறிகளும் நின்று தெருவே அடங்கிவிட்டது. செம்புத் தண்ணீர் அசையவில்லை. என் நெஞ்சு மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கணவரின் கையை இழுத்து நெஞ்சில் வைத்தேன்.

“ஏனுங்க, கரண்டே இல்லீங்களே, இது மட்டும் எப்படீங்க ஓடுது?”

அன்றைக்கே அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். இதய வால்வு சுருங்கியிருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “பிரசவம் நல்லபடியா முடியுங்களா?” என்று கணவர் கேட்டதற்கு, “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

இப்போது தினமும் மாமியாரே போய்த் தறிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார். நான் நெஞ்சில் கை வைத்துப் படுத்திருக்கிறேன். துடிப்பு அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“எப்படி இருக்குது சாமி?”

“இப்பப் பரவாயில்லீங்கத்தை.”

அதன் பிறகே தறி ஓடும். ஓட ஆரம்பித்ததும், எது தறியின் அதிர்வு, எது என்னுடையது என்று மறுபடி தெரியாமல் போகிறது.