அப்பா கேட்காமலே விட்ட கேள்வி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உங்களில் பலருக்கு அவர் 'ஏர்போர்ஸ்காரர்'. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வழி கேட்டால் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். மூத்த மகளாகிய நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெருமைக்கு முன்னால் ஆற்றாமைதான் வந்து நிற்கிறது.

ஒலக்கூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சொந்தமாகக் காணி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர் அப்பா. அவருடைய பெற்றோர் ஊரார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய கூலியில் அவரைத் திண்டிவனத்தில் படிக்க வைத்தார்கள். கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு நடந்தே பள்ளிக்குப் போனவர், விமானப்படையில் சேர்ந்து, இன்ஜின் பிரிவில் பொறியாளராக உயர்ந்தார்.

ஓய்வு பெற்று வந்த பிறகு வீட்டில் மிக்சி கெட்டுப்போனால் மட்டும் தொடமாட்டார். "ஏரோப்ளேனையே பிரிச்சிப் போட்டவருக்கு இது தெரியாதாக்கும்" என்று அம்மா சீண்டுவார். "இது நின்னுபோனா யாரும் சாவ மாட்டாங்க. கடைக்காரன் பாத்துக்குவான்" என்பார் அப்பா. அதைத் தமாஷ் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிடக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் அப்பாவிடம் அது பேஜாரான வழக்கம். திருமணமாகி விழுப்புரத்துக்குப் போன பின், நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் ஜன்னலோரம் வந்து நிற்பார். "போயிட்டு வர்றேன்னு சொன்னியா? சொல்லு" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்வார். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

அதன் காரணம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. மயிலத்தில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் கயல்விழி, யுத்த காலத்தில் வேலை பார்த்த பெரியவர்களின் அனுபவங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அப்பாவைப் பேட்டி எடுக்க வந்தபோது அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

எந்த விமானத்தைச் சரிபார்த்து அனுப்பினாலும், அதன் உடம்பில் கை வைத்துத் தமிழில் 'போயிட்டு வா' என்று சொல்வது அப்பாவின் பழக்கமாம். உடன் இருந்த வடநாட்டுக்காரர்கள் கேலி செய்வார்களாம். வங்கதேச யுத்தத்தின்போது வேறு தளத்து விமானம் ஒன்று கோளாறோடு அப்பா இருந்த தளத்தில் இறங்கியது. அப்பா அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அபாயச் சங்கு ஊதிவிட்டது.

"அவசரத்துல 'போ, போ, ஜல்தி போ'ன்னுட்டேம்மா. 'வா'ன்னு சொல்லல. சாயங்காலம் எரிபொருள் போட திரும்ப அங்கியே வரணும். வரல" என்றார் அப்பா.

"இன்ஜின்ல ஏதாவது கோளாறா இருக்குமா சார்?"

"இன்ஜின் சுத்தமா இருந்துச்சு. அதுல சந்தேகமே இல்ல. என் வாய்தான் தப்பு பண்ணிடுச்சு."

"அந்த விமானி என்ன ஆனாரு?"

"தெரியாதும்மா."

"நீங்க யாரையும் கேக்கலையா சார்?"

"கேட்டா சொல்லிடுவாங்களேம்மா. வேற எங்கியாச்சும் எறங்கியிருப்பாருன்னு நெனச்சிக்கினே காலத்த ஓட்டிட்டேன். கேக்கப்போயி, இல்லன்னு சொல்லிட்டா?"

அம்மாவுக்கே அது புதுச் செய்தி. இத்தனை காலம் கூடவே இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. விமானத்தின் வால் எண்ணை அப்பா மறக்கவில்லை. அது இருந்தால் ஓய்வு பெற்ற அதிகாரிகள் மூலம் விசாரித்துவிடலாம் என்றார் கயல்விழி. "வேணாம்மா, உட்ரு" என்று அப்பா எழுந்துவிட்டார்.

பல மாதங்கள் கழித்து, அவராகவே கயல்விழிக்கு போன் போடச் சொன்னார். எண்ணைச் சொல்லி, "கேட்டுடும்மா" என்றார். அதன் பிறகு வீட்டில் எந்த போன் அடித்தாலும் எங்கள் முகத்தையே பார்ப்பார். இந்த மனம் அந்தப் பேட்டி அன்றே வந்திருக்கக் கூடாதா?

அதற்குள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. விழுப்புரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். நினைவு இருந்தவரை "கயல்விழி பேசுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரும்வரை அவரால் தாங்க முடியவில்லை.

துக்கத்துக்கு வந்த நீங்கள் அனைவரும், சாவு வீட்டு வழக்கப்படி, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினீர்கள். அப்பாவின் வீட்டில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கூப்பிடும்போதெல்லாம் கார் எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், வந்தவர்களுக்கு வயிறாரச் சமைத்துப் போட்ட ஒலக்கூர் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கயல்விழிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கருமாதி அன்று காலை அவர் பஸ் பிடித்து ஓடி வந்தார். முந்தைய நாள்தான் அவருக்குத் தகவல் கிடைத்ததாம். அந்த விமானி அன்று மூடுபனியால் வேறொரு தளத்தில் இறங்கியிருக்கிறார். இன்றும் வடக்கே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். சொல்லி முடித்துவிட்டுக் கயல்விழி அழுதார்.

அம்மா அழவில்லை. படையல் போட்டிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார். அப்பா இன்ஜின் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போனவர் என்பதால் அவரிடம் அம்மா எப்போதும் உரக்கத்தான் பேசுவார். அன்றும் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஏங்க, அந்த ஆளு நல்லா இருக்காராம். கேக்குதா?"