எழுத்து ஓடி முடியும்வரை

திருவொற்றியூர் தேரடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய தியேட்டரில் ஜெயவேல் கதவுக்காரர். டிக்கெட்டைக் கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, உள்ளே பீடி பற்ற வைப்பவனை விரட்டுவது எல்லாமே அவர் வேலைதான். ஆனால் மனுஷனுக்குப் பெருமை ஒன்றில்தான்: படம் முடிந்ததும் கதவைத் திறப்பதில். கதாநாயகன் கடைசியாகச் சிரிக்கும்போதே ஜெயவேலின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விடும். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கதவு விரியும், வெயில் உள்ளே பாயும், அதைப் பார்த்துவிட்டு மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டர் ஜார்ஜ் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார். அடுத்த காட்சிக்கு ஆள் ஏற்ற வேண்டுமே! மணலியில் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தவர் ஜெயவேல். அன்று முதல் அந்த எழுத்துகளை உட்கார்ந்து படித்த ஓர் ஆளை அவர் கண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு அப்படிப்பட்ட ஆட்கள் கூட்டமாகவே வந்தார்கள்.

ஜப்பானிலிருந்து வந்த கார்ட்டூன் படம், வெள்ளி, சனி, ஞாயிறு காலை மட்டும் ஓடும் என்று மேனேஜர் டில்லிபாபு சொல்லியிருந்தார். அம்மாக்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று ஜெயவேல் நினைத்தார். வந்ததோ காலேஜ் பிள்ளைகள், அதிலும் சிலர் கார்ட்டூன் வேஷத்தில். கொளுத்துகிற வெயிலில் ஒருவன் கறுப்புக் கோட்டு போட்டிருந்தான், இன்னொருத்தி நீல நிற டோப்பா வைத்திருந்தாள். அதுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

படம் முடிந்தது, பெயர்கள் கிளம்பின, கதவு திறந்தது. அரங்கமே அலறியது.

“கதவ மூடுண்ணே!”

“இன்னும் கீதுண்ணே!”

அதற்குள் ஜார்ஜ் விளக்கைப் போட்டாயிற்று. பிள்ளைகள் எழுந்திருக்காமல் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். துடைப்பத்தோடு வந்த பூமாரிதான் ஒரு வழியாகக் கிளப்பிவிட்டாள்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று ஜெயவேலுக்கு மண்டை குடைந்தது. மறுநாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். இந்த மாதிரிப் படம் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் சிரிப்புத்தான் வந்தது. முகத்தில் பாதிக்குக் கண், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. பேசுவது ஜப்பான் பாஷை, அடியில் ஓடும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. பாட்டு, சண்டை ஒன்றும் கிடையாது. துறைமுக ஊர் ஒன்று, அங்கே ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன் கடலுக்குப் போகிறான், புயல் அடிக்கிறது, படகு திரும்பவில்லை. இந்தக் கதையைக் காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் அந்தத் தங்கச்சி தினமும் அண்ணனுக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். கிண்ணத்தை எதிரில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சோற்றிலிருந்து எழும் ஆவியைக்கூட எவனோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்திருந்தான். தகரக் கூரையில் மழை பெய்தது, பெய்துகொண்டே இருந்தது, படம் கொஞ்சமும் அவசரப்படவில்லை. நம்ம ஊர்ப் படமாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். இங்கே அழுதது ஜெயவேல்தான். கடைசியில் ஊரே சொல்லிச் சொல்லி, அண்ணனுக்குக் காரியம் செய்ய அவள் சம்மதித்தாள். அவன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பெயர்கள் கிளம்பின.

போன் அடித்தது. “யோவ், கதவு!” என்றார் டில்லிபாபு. பழகின கை போய்த் திறந்துவிட்டது.

வாசலில் நீல டோப்பாக்காரி நின்றிருந்தாள். பெயர் எழில்மொழி, காத்திவாக்கத்துப் பெண், பாலிடெக்னிக் படிக்கிறாள்.

“பாவம்மா அந்தப் பையன், இப்பிடி அநியாயமா பூட்டானே” என்றார் ஜெயவேல்.

“அவன் எங்கண்ணே செத்தான்? பேருலாம் ஓடி முடிஞ்சதும் வருவான். இது முதல்ல படக்கதை புக்கா வந்துச்சு. அதுல கடைசில ரெண்டு பக்கம் வெறும் வெள்ளையா வுட்டுருப்பாரு, வரஞ்சவரு. முடிஞ்சிச்சுன்னு மூடப் போவோம். அடுத்த பக்கத்துல வந்து நிப்பான். அத திரையில பாக்கத்தான் ரெண்டு நாளா வந்துகினு கீறேன்.”

ஜெயவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகம் படிக்காமல் வந்த அத்தனை பேரும் அண்ணன் செத்தான் என்றே நம்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் கையால்தான் அது நடந்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

“சார், நாளைக்கு எழுத்து ஓடி முடியறவரைக்கும் கதவு வாணாம்.”

“இன்னா வெளாட்றியா? அடுத்த ஷோ புதுப் படம். ரசிகர் மன்றத்துப் பசங்க கதவையே பேத்துடுவானுங்க. எழுத்தப் பாக்க எவன்யா டிக்கெட் வாங்கறான்?”

“எழுத்துக்கு அப்பாலயும் படம் கீது சார்.”

“தொறக்கலன்னா திங்கக்கெழம நீ வராத. வேற ஆள் வச்சிக்கறேன்.”

எம்.கே.பி. நகர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி வரலட்சுமியிடம் முழுக் கதையையும் சொன்னார். குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவள் கேட்டாள்.

“நாளைக்கித்தான் கடைசியா? அப்ப தொறக்காத.”

“வேல பூடும்டி.”

“போவட்டும். ஊர்ல வேற கதவே இல்லியா?”

அந்த வயதில் இன்னொரு வேலை தேடுவது எவ்வளவு பேஜாரு என்று இருவருக்குமே தெரியும். தெரிந்தும் ஜெயவேல் முடிவு செய்துவிட்டார். அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை முதல் வேலையாகக் கேபினுக்கு ஏறிப் போய், “நான் கதவ தொறந்தாத்தான் நீ படத்த நிறுத்தணும்” என்றார்.

ஜார்ஜ் யோசிக்கவே இல்லை. “நீ தொறக்காத, நான் நிறுத்தல. ரெண்டு பேரும் ஒண்ணா வூட்டுக்குப் போலாம் மாமு.”

கிண்ணம் கவிழ்ந்தது. பெயர்கள் கிளம்பின. ஜெயவேல் தாழ்ப்பாளைத் தொடாமல், கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். போன் அடித்தது, அணைத்துப் பையில் போட்டார். வெளியே டிரம்ஸ், விசில், கதவில் தபதபவென்று அடி. ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் இறங்கியது. திரையில் பெயர்கள் எறும்புச் சாரை மாதிரி போய்க்கொண்டே இருந்தன. இத்தனை பேர் சேர்ந்தா வரைந்தார்கள்? ஓடட்டும், எல்லாப் பெயரும் ஓடட்டும் என்று காலை அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

கேன்டீன் பக்கத்து வழியாக டில்லிபாபு ஓடி வந்தார். “யோவ், புத்தி கெட்டுப் போச்சா? நவுருய்யா!”

“நவுர மாட்டேன் சார். நாளைலேர்ந்து வரல. இது முடியட்டும்.”

டில்லிபாபு அவர் சட்டைத் தோளைப் பிடித்து இழுத்தார். ஜெயவேல் அசையவில்லை. அப்போது கடைசிப் பெயரும் மேலே போய் மறைந்தது. திரை முழுதாக இருண்டது. இருட்டில் ஒரு படகின் ஊதல் கேட்டது. மெல்ல வெளிச்சம் வந்தபோது, துறையில் தாடியும் மீசையுமாக அண்ணன் நின்றிருந்தான். அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. டில்லிபாபு வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாய்யா இது? அவன் செத்துட்டான்ல?”

கணக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாளும் பால்கனி மூலையில் நின்ற இந்த மனுஷன் முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார் என்பது ஜெயவேலுக்கு அப்போதுதான் புரிந்தது.

“நேத்துலேர்ந்து கதவத் தொற தொறன்னு சொல்லி நீதான் சார் அவன வரவே வுடல.”

திரையில் தங்கச்சி ஓடி வந்துகொண்டிருந்தாள், இன்னும் அண்ணனிடம் வந்து சேரவில்லை. வெளியே மறுபடியும் கதவை உதைத்தார்கள். டில்லிபாபு ஜெயவேலுக்குப் பக்கத்தில் வந்து, தன் முதுகையும் கதவில் கொடுத்துக் கத்தினார்.

“இருங்கடா டேய், இன்னும் படம் முடியல!”